மேட்ரன் வீட்டுக் குட்டி ராத்திரி அழாது

எங்கள் மாடியில் குடியிருக்கும் பேங்க்காரத் தம்பி போன மாதம் ஒரு நாய்க்குட்டி வாங்கினான். கூடவே மடக்கி விரிக்கிற இரும்புக் கூண்டு ஒன்றும் வந்தது. ராத்திரி குட்டியை அதில்தான் படுக்கப் போட வேண்டுமாம். மூன்று நாள் அது கத்திய கத்தலில் தெருவே விழித்துக் கிடந்தது. நான் வலியப் போய் யார் வீட்டுப் படியும் ஏறுகிறவள் இல்லை. நாலாம் நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிப் போனேன்.

“தம்பி, நான் கொஞ்சம் பாக்கட்டா?” என்று கேட்டேன்.

ஐந்தே நாள். குட்டி தானாகக் கூண்டுக்குள் போய்ச் சுருண்டு படுத்தது. ஊசி போடக் கொண்டுபோன இடத்தில் அவன் இதைச் சொல்லியிருக்கிறான். அந்தக் கால்நடை டாக்டர் சின்னப் பெண். என்னைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஆச்சி, இத எங்க படிச்சிய?”

“குத்தாலத்துல.”

“அங்க காலேஜ் இருந்துச்சா?”

“தேயிலைப் பெட்டி இருந்துச்சி” என்றேன். அவள் விடவில்லை. எங்களிடம் குட்டி கொண்டு வருகிறவர்கள் படிக்கட்டும், எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதவே ஆள் தேடுவேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை பரபரப்பாக இருக்கிறது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது.

என் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். எல்லோரும் குழலு என்பார்கள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பேரருவிக்குப் போகிற வழியில். அப்பா இல்லை. அம்மா அருவிக்கு வருகிறவர்களிடம் சீயக்காயும் நல்லெண்ணெயும் விற்றாள். அவளும் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தேன். மதினி பீடி சுற்றுவாள். நானும் சுற்றினேன். ஆனால் எனக்கு இலை நேராக வெட்ட வராது, கோணிவிடும். வாரத்துக்கு ஒரு முறை பீடிக் கம்பெனியிலிருந்து இலையும் கழிவுமாக என் தட்டு அப்படியே திரும்பி வரும். மதினி திட்ட மாட்டாள், தட்டைச் சத்தம் வரும்படி வைப்பாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, மேட்ரனம்மா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் பெயர் ஆக்னஸ். பாளையங்கோட்டைக்காரர்கள். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேரருவிக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, தொங்கு காது ஸ்பானியல் நாய்களை வளர்த்துக் குட்டி விற்றார்கள். வேலை கேட்டுப் போன அன்றைக்கு நான் வாசலில் நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை. கூட்டிப் போன பக்கத்து வீட்டு அக்காதான், “இவ ரொம்பப் பேசமாட்டா” என்று எனக்காக மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள்.

“நல்லதாப் போச்சி. நாய்க்குப் பேச்சு வேண்டாம்” என்றார்கள் மேட்ரனம்மா. அப்படித்தான் சேர்ந்தேன்.

அவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வந்தாலும் ஆஸ்பத்திரி அவர்களை விடவில்லை. நாய்கள் இருந்த பின்கட்டுக்கு வார்டு என்று பெயர். குட்டி பிறந்தால் அட்மிஷன். விற்றுப் போனால் டிஸ்சார்ஜ். குட்டிகளுக்குப் பேர் வைக்க மாட்டார்கள், கட்டில் நம்பர் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று. ரவிக்கையில் ஊக்குக் குத்தித் தலைகீழாக ஒரு சின்னக் கடிகாரம் தொங்கும். காலை ஆறு மணிக்கு வெள்ளைச் சேலை மொடமொடக்க வார்டைச் சுற்றி வருவார்கள். நான் சிலேட்டுடன் பின்னால் போக வேண்டும். எந்த நம்பர் எப்போது தின்றது, எப்போது வெளியே போனது, ராத்திரி எத்தனை தடவை எழுந்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். “நெனைக்கேன்” என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். “நெனைக்கிறத ஒங்க வீட்டுல வச்சிக்கோ. இங்கன பாத்தத மட்டும் சொல்லு” என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஊசி போடும்போது நர்சு பேசுவாளே, அந்தக் குரல். ஒருவரைப் பாராட்டியோ, தான் தவறு செய்ததாகச் சொல்லியோ நான் கேட்டதே இல்லை.

முதல் இரண்டு வருசம் கழுவினேன், கஞ்சி காய்ச்சினேன், உண்ணி எடுத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருசம் பெட்டி என் கைக்கு வந்தது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

செங்கோட்டைக்கு மேலே இருந்த எஸ்டேட்டுகளில் தேயிலை அடைக்கிற பலகைப் பெட்டிகள் உண்டு. ஓரமெல்லாம் தகரம் வைத்து அடித்திருக்கும். பழைய பெட்டிகளாக வாங்கி வருவோம். முதல் வேலை தகரத்தையும் ஆணியையும் பிடுங்குவது. பிறகு உள்ளே கையை விட்டு எல்லா இடத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். என் கையில் குத்தினால் குட்டியின் கண்ணில் குத்தும். முன்பக்கம் மூங்கில் கம்பு வைத்து ஒரு கதவு. கீழே சாக்கு, அதன் மேல் தாய் நாய் படுத்த பழைய துணி ஒன்று. பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் கணக்கு இருந்தது. குட்டி நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் ஒரு மூலையில் அசிங்கம் செய்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே ஒரு தடுப்புப் பலகை போட்டு, குட்டி வளர வளரப் பின்னால் தள்ளிக்கொண்டே போவோம்.

எடுத்தவுடன் ராத்திரியில் அடைக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் பகலில் கதவைத் திறந்தே வைத்துச் சோற்றுத் தட்டை உள்ளே வைப்போம். அது வாலை வெளியே விட்டுக்கொண்டு தின்னும். மூன்றாம் நாள் தட்டு இன்னும் உள்ளே போகும், வாலும் உள்ளே போகும். அப்போது கதவைச் சாத்தி, தின்று முடிக்கும் முன் திறந்துவிட வேண்டும். பிறகு பத்து எண்ணும் வரை, நூறு எண்ணும் வரை, நான் ஒரு சட்டி அரிசி களையும் வரை என்று கூட்டிக்கொண்டே போவோம். தப்புச் செய்த குட்டியைப் பெட்டியில் அடைப்பது மட்டும் கூடவே கூடாது. “அது அதுக்கு வீடு. ஜெயில் இல்ல” என்பார்கள் மேட்ரனம்மா.

ராத்திரிக்கு வேறு முறை. ஆறு மணிக்குக் கடைசிச் சாப்பாடு. ஏழுக்குத் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட வேண்டும். ஒன்பதுக்கு வெளியே கொண்டுபோய், காரியம் முடிந்ததும் பெட்டி. பெட்டி என் பாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். மூங்கில் இடுக்கில் ஒரு விரலை விட்டு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. அழுதால் என்ன அழுகை என்று கேட்க வேண்டும். மேட்ரனம்மா கணக்கில் அழுகை மூன்று வகை. தனியாக இருக்கிறேனே என்ற அழுகை நீளமாக, இழுத்து இழுத்து வரும். அதற்கு விரல் போதும், எடுக்கக் கூடாது. வெளியே போக வேண்டும் என்ற அழுகை சின்னச் சின்னதாக, அவசரமாக வரும், கூடவே நகத்தால் பிறாண்டும். அதற்கு உடனே எடுக்க வேண்டும். ஆனால் பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, போன காரியம் முடிந்ததும் மறுபடி பெட்டி. மூன்றாவது வலி அழுகை, அது ஒரே சுருதியில் நிற்காமல் வரும். அதற்கு அவர்களை எழுப்ப வேண்டும்.

எனக்கு இது கை வந்துவிட்டது. இலை கோணிய அதே கை. முதல் தடவை ஆறு குட்டிகளும் ஆறு பெட்டியில் விடியும் வரை ஒரு சத்தமில்லாமல் தூங்கிய ராத்திரி, நான்தான் தூங்கவில்லை. எழுந்து எழுந்து ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். காலையில் சிலேட்டில் ஆறு நம்பருக்கும் எதிரே ஒன்றும் எழுதாமல் நீட்டினேன். மேட்ரனம்மா சிலேட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்கள். “ம்” என்றார்கள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

ஒன்பது வாரக் குட்டியைப் பெட்டியோடு, சாக்கோடு, நேரமெல்லாம் எழுதிய சீட்டோடு டிஸ்சார்ஜ் செய்வோம். போன வீட்டில் முதல் ராத்திரியே தூங்கிவிடும். மேட்ரன் வீட்டுக் குட்டி ராத்திரி அழாது என்று தென்காசியிலும் செங்கோட்டையிலும் பேச்சாகிவிட்டது. எஸ்டேட் மேனேஜர்கள், வக்கீல்கள், மண்டிக்காரர்கள் எல்லாம் சொல்லி வைத்து வாங்கினார்கள்.

குட்டிகள் எப்போதும் தை மாதம் பிறக்கிற மாதிரிதான் மேட்ரனம்மா பார்த்துக்கொள்வார்கள். சீசன் சாரலில் குட்டிக்குச் சளி பிடிக்கும் என்று பயம். ஒரு வருசம், அறுபது அறுபத்தொன்று இருக்கும், ஆண் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போனதில் கணக்குத் தப்பிவிட்டது. வைகாசிக் கடைசியில் நாலு குட்டிகள் பிறந்தன. ஆனியும் ஆடியும் சாரலில் நனைந்த சாக்குகளைக் நெருப்புக் கங்குச் சட்டி மேல் காய வைத்தே என் பொழுது போயிற்று. ஆனால் குட்டிகள் நாலும் தங்கம். பெட்டி பழகியதில் அதைப் போல ஒரு கூட்டம் நான் பார்த்ததில்லை. ஆடி முடியும்போது ஒன்றாம் நம்பர் தென்காசியில் ஒரு வக்கீல் வீட்டுக்கும், இரண்டாம் நம்பர் பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டி அண்ணாச்சி வீட்டுக்கும், மூன்றாம் நம்பர் மலைமேல் ஒரு எஸ்டேட் மேனேஜர் பங்களாவுக்கும் போயின.

எட்டாம் நாள் மண்டி அண்ணாச்சி பெட்டியோடு பஸ் ஏறி வந்து பங்களா வாசலில் இறக்கினார்.

“மேட்ரனம்மா, கும்பிடுதேன். ஒங்க குட்டிய ஒங்ககிட்டயே ஒப்படைச்சிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

“என்ன அண்ணாச்சி, சீக்கா?”

“சீக்கு அதுக்கில்ல, எங்களுக்கு. எட்டு நாளா ஒரு பொட்டு ஒறக்கம் கெடயாது. காலம்பற கத்தரிக்காய ஏலம் போடயில நானே மூட மேல ஒறங்கி விழுதேன். எங்க வீட்டுல சொல்லுதா, நாய வச்சிக்கிடுதியளா, என்னய வச்சிக்கிடுதியளான்னு.”

“நீங்க என்ன சொன்னிய?”

“ரெண்டு நாள் யோசிச்சேன். அதுக்கும் சேத்து ஏச்சு வாங்கினேன்.”

“பெட்டியிலதான படுக்கப் போட்டிய?”

“ஒங்க பெட்டி, ஒங்க சாக்கு, ஒங்க நேரம். இந்தா சீட்டு, மடியிலயே வச்சிருக்கேன்.”

அன்று ராத்திரி அதே பெட்டியில் இரண்டாம் நம்பர் கல் மாதிரி தூங்கியது. “அவிய வீட்டுலதான் கோளாறு” என்று மேட்ரனம்மா முடித்துவிட்டார்கள். ஆனால் மூன்று நாள் கழித்து வக்கீல் குமாஸ்தா ஒன்றாம் நம்பரைக் கொண்டுவந்து வைத்தார். அதே புகார். அதுவும் எங்கள் வார்டில் அன்றைக்கே தூங்கியது. இடையில் எஸ்டேட் மேனேஜரிடமிருந்து மட்டும், குட்டி அருமை, சத்தமே இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. மேட்ரனம்மா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஏட்டி குழலு, இங்கன வா. நேராச் சொல்லு. அழுதா மடியில எடுத்து வச்சியா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யாராவது முகத்துக்கு நேரே கேட்டால் எனக்குக் கண் கீழே போய்விடும்.

“குனியாத. குனிஞ்சா ஆமான்னு எடுத்துக்கிடுவேன்.”

நிமிர முடியவில்லை. அவர்கள் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு நிமிசம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

“சரி. மூணாம் நம்பர மட்டும் எடுக்கல போல. நாலாம் நம்பர் வெள்ளிக்கிழம தென்காசியில டாக்டர் வீட்டுக்குப் போவுது. நான் அவருகிட்ட இருபது வருசம் வேல பாத்தவ. நீயும் கூடப் போ, அஞ்சாறு நாள் அங்கனயே இருந்து நீ கெடுத்தத நீயே சரி பண்ணு. அதுவும் திரும்பி வந்துதுன்னா வார்டே வேண்டாம். நாய எல்லாத்தையும் குடுத்துட்டு நான் பாளையங்கோட்டைக்குப் போயிருதேன். நீ ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு.”

அண்ணன் வீடு. பீடித் தட்டு. அன்று முழுக்க நாலாம் நம்பர் பெட்டியின் உள்பக்கத்தைத் தடவித் தடவி ஆணி தேடிக்கொண்டே இருந்தேன், ஆணி எதுவும் இல்லை.

டாக்டர் வீடு கோவிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. டாக்டர் வீட்டம்மா சைவக்காரர்கள், ஆசாரம் பார்ப்பவர்கள். “நாய் அடுக்களையத் தாண்டி உள்ள வரப்படாது. நீ வரலாம்” என்றார்கள். பின்கட்டில் நெல் குதிர் பக்கத்தில் பெட்டியையும் என் பாயையும் போட்டேன். ஆறுக்குச் சாப்பாடு, ஏழுக்குத் தண்ணீர்ச் சட்டி, ஒன்பதுக்கு வெளியே. ஒரு இம்மி பிசகவில்லை. பெட்டிக்குள் விட்ட கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது.

இழுத்து அழவில்லை. பிறாண்டவில்லை. வலி அழுகையும் இல்லை. கொஞ்சம் அழும், நிறுத்தும், காதைத் தூக்கி எதையோ கேட்கும், கிடைக்காமல் மறுபடி அழும். விரலை விட்டேன். விரலை நக்கிவிட்டு அழுதது. டாக்டர் டார்ச் லைட்டோடு வந்து நின்றார்.

“என்னம்மா, மேட்ரன் வீட்டுக் குட்டி அழாதுன்னு ஊரே சொல்லுதே?”

நான் தரையைப் பார்த்தேன். “நாளைக்குப் பாப்போம்” என்று போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

இரண்டாம் ராத்திரியும் அப்படியே. அது அழ, நான் பக்கத்தில் படுத்து நெல் குதிர் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முந்தின ராத்திரி குட்டி களைத்துப் போய் அடங்கிய பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தில் வரவில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் பயத்தோடு நான் எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன். இது வேறு. காதில் ஏதோ குறைகிற மாதிரி, காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் காதில் வைத்து அழுத்தினேன்.

உள்ளே ‘ஓ’வென்று கேட்டது. உடம்பு அப்படியே தளர்ந்தது. கையை எடுத்தேன், ஒன்றுமில்லை. மறுபடி பொத்தினேன், ‘ஓ’.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அருவி. எனக்குத் தெரிந்து சீசனில் ஒரு ராத்திரி கூட நான் குற்றாலத்தை விட்டு வெளியே தூங்கியதில்லை. அந்தச் சத்தம் எங்களுக்குச் சத்தமே இல்லை, சுவர் மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். தை மாதக் குட்டிகள் போகிற பங்குனியில் அருவி நூலாகிவிடும். இந்த நாலும் கண் திறந்த நாளிலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே தூங்கியவை. அதைத்தான் இது காதைத் தூக்கித் தேடுகிறது.

இதை எப்படிச் சரிபார்ப்பது? சுவரில் சுளகு, முறம்தான், மாட்டியிருந்தது. பக்கத்துப் பானையில் மறுநாளுக்குப் புடைக்க வைத்திருந்த அரிசி. இரண்டு கை அள்ளிச் சுளகில் போட்டு, புடைக்காமல், வட்டமாகச் சுழற்றினேன். சோ... சோ... நாலாம் நம்பர் அழுகையைப் பாதியில் விட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டது. நான் சுழற்றச் சுழற்ற முன்காலை நீட்டியது, மோவாயை அதன் மேல் வைத்தது, ஒரு பெருமூச்சு விட்டது. சந்தோஷத்தில் நான் வேகமாகச் சுழற்றியதில் அரிசி சிதறியது.

“ஏட்டி, என்ன செய்யுத?”

டாக்டர் வீட்டம்மா கையில் விளக்கோடு நின்றார்கள். “வெளக்கு வச்ச பொறவு சுளகத் தொடுதியா? மூதேவிய வெத்தல பாக்கு வச்சி அழைக்கதுக்கா ஒன்னய அனுப்பிச்சா அந்த மேட்ரன்? வை கீழ.”

வைத்தால் குட்டி எழுந்துவிடும். நான் வைக்கவில்லை. அவர்களே வந்து சுளகைப் பிடுங்கினார்கள். குட்டி எழுந்து அழ ஆரம்பித்தது.

“காலம்பற முத பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கெளம்பிருங்க. இந்த அழுகையும் வேண்டாம், இந்த அவகேடும் வேண்டாம்.”

அந்த முதல் பஸ் போய் நிற்கிற இடம் எனக்குத் தெரியும். என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தரையைப் பார்த்தபடிதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

“அம்மா, குத்தாலத்துல இப்பம் அருவி விழுது. இது பொறந்ததுலருந்து அந்தச் சத்தத்துலதான் ஒறங்கிச்சி. இங்கன ஒரு சத்தமும் இல்ல. அதான் தேடுது. சுளகு சத்தத்துல அடங்கிட்டு, பாத்தியள்ளா? எனக்கும் ரெண்டு நாளா ஒறக்கம் இல்லம்மா.”

“சத்தத்துலயா ஒறங்கும்?”

“எங்களுக்கு அது சத்தமில்லம்மா.”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள். சுளகை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு விளக்கோடு உள்ளே போய்விட்டார்கள். முடிந்தது என்று பாயைச் சுருட்டினேன். திரும்பி வந்தபோது கையில் பனையோலையில் முடைந்த ஒரு சின்னக் கொட்டான், அதில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் கொட்டி வைத்திருந்த மணல்.

“மணலுக்குத் தோஷம் கெடயாது. இத ஆட்டு, பாப்போம்.”

ஆட்டினேன். அரிசியை விட மணல் நன்றாகவே அருவியானது. குட்டி படுத்தது. அவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, “அட சவமே” என்று சிரித்தார்கள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, “குடு, ஒனக்குக் கை வலிக்கும்” என்று கொட்டானை வாங்கி அவர்களும் கொஞ்ச நேரம் ஆட்டினார்கள்.

காலையில் டாக்டர் கேட்டார், “நல்ல வைத்தியம்தான். ஆனா தெனமும் ராத்திரி மணல் ஆட்ட நான் ஆள் போடணுமா?”

அதற்கும் எனக்குப் பதில் இருந்தது. கோடையில் எங்கள் அருவியும் வற்றும். ஒரே நாளில் வற்றாது. நாளுக்கு நாள் குறையும், காதும் அதோடு குறைந்துகொண்டே போய்ப் பழகிவிடும். அதையே செய்தேன். மூன்றாம் ராத்திரி குட்டி தூங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். நாலாம் ராத்திரி தூங்கியதும் நிறுத்தினேன். ஐந்தாம் ராத்திரி பாதி மணல், பெட்டியிலிருந்து தள்ளி உட்கார்ந்து. ஆறாம் ராத்திரி ஒரு பிடி மணல், பத்தே ஆட்டு. ஏழாம் ராத்திரி கொட்டானைத் தொடவில்லை. நாலாம் நம்பர் ஒரு தடவை காதைத் தூக்கியது, பிறகு சுருண்டுகொண்டது. விடியும் வரை மூச்சுச் சத்தம்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பங்களாவுக்கு ஓடினேன். ஓடி வந்த வேகத்தில் பாதி சொல்லிவிட்டேன், கூச்சம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

“அருவியா?” என்றார்கள் மேட்ரனம்மா. “எந்தச் சத்தம்?”

நான் கையை மலைப்பக்கம் காட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் வெகு நேரம் அப்படியே நின்று கேட்டார்கள். பிறகு மெதுவாக, “அந்த எஸ்டேட் பங்களா எங்கன இருக்கு? ஓடைக் கரையிலல்லா” என்றார்கள். தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆயிற்றே. “ஒரு கேஸ வச்சி முடிவு சொல்லப்படாது. இன்னொண்ணு பாக்கணும். நானே பாக்கணும்” என்று அன்று சாயங்காலமே இரண்டாம் நம்பர் பெட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு பாவூர்சத்திரம் பஸ் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு பல வருசம், அவர்கள் கண் மங்கி நாய் வளர்ப்பை நிறுத்தும் வரை, நான் அந்த வார்டில் இருந்தேன். சீசன் குட்டி என்றால் கடைசி வாரம் தென்காசியில் ஒரு அறை பிடித்து, மணல் குறைத்து, சத்தமில்லாமல் பழக்கித்தான் டிஸ்சார்ஜ். அது முழுக்க என் பொறுப்பு. சிலேட்டில் நாலாவதாக ஒரு அழுகைக்கு இடம் விட்டோம். நோட்டுக் கொடுத்துப் போன டாக்டர் பிள்ளைக்கு வேண்டியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்: குட்டியைப் பழக்குமுன் அது எங்கே பிறந்தது, அங்கே ராத்திரி என்ன கேட்கும் என்று விசாரியுங்கள். மாடித் தம்பி வாங்கிய குட்டி ஒரு மாவு மில்லை ஒட்டிய வீட்டில் பிறந்ததாம். நான் முதலில் கேட்டதே அதைத்தான். ஆனால் பாவூர்சத்திரத்து ராத்திரியைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை.

எங்களைப் பார்த்ததும் மண்டி அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது.

“மேட்ரனம்மா, இத மறுபடியுமா? எங்க வீட்டுல தாய் வீட்டுக்குப் போயிருவா.”

அவர் சம்சாரம் உள்ளிருந்தே, “துணிப் பெட்டிய இன்னும் கெட்டல, அவ்வளவுதான்” என்றாள்.

“ஒரு ராத்திரி பொறுங்க தாயி” என்றார்கள் மேட்ரனம்மா. பிறகு கடிகாரத்தைச் சரி செய்துகொண்டு, ரவுண்டு வரும்போது நிற்கிற மாதிரி நேராக நின்று, அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்கள். “கோளாறு ஒங்க வீட்டுல இல்ல. இந்தப் பிள்ள கையிலயும் இல்ல. நான்தான் இவளத் தப்பா நெனச்சேன். நெனச்சதோட நிக்காம ஏசவும் செஞ்சேன்.”

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. குட்டியை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். ஒன்பது மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. குட்டி என்னை ஏன் தூக்கினாய் என்று பார்த்தது.

ராத்திரி தாழ்வாரத்தில் மேட்ரனம்மாவுக்கு ஒரு நார்க்கட்டில் போட்டார்கள். கீழே என் பாய், பக்கத்தில் பெட்டி. கையோடு கொண்டு வந்திருந்த மணல் கொட்டானை ஆட்டினேன். இரண்டாம் நம்பர் இரண்டே நிமிசத்தில் அடங்கியது. கதவிடுக்கில் நின்று பார்த்த அண்ணாச்சியின் சம்சாரம், “என்னத்தச் சொல்ல” என்று முணுமுணுத்தபடி கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ஆட்டிவிட்டு, கொட்டானைச் சத்தம் வராமல் தரையில் வைத்தேன். ஊர் அடங்கிக் கிடந்தது. கட்டிலில் கயிறு கிரீச்சிட்டது. சிறிது நேரம் கழித்து மறுபடி கிரீச்சிட்டது.

“ஏட்டி குழலு.”

“என்னம்மா?”

“ஏன் நிறுத்திட்ட?”

“குட்டி ஒறங்கிட்டும்மா.”

“அது ஒறங்கிட்டு” என்றார்கள். புரண்டு படுத்தார்கள். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், “எனக்கு வரமாட்டேங்குது. இன்னுங் கொஞ்சம் ஆட்டு” என்றார்கள்.